மண்டபம் முகாமில் ஒரு காலாண்டு விடுமுறை

சனி, மண்டபம்

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் பாசஞ்சர். பெட்டி முழுக்க அக்னி தீர்த்தத்தில் முங்கப் போகிறவர்கள். உச்சிப்புளி தாண்டியதுமே, இன்னும் வராத பாம்பன் பாலத்தைப் பார்க்க எல்லோரும் சன்னல் பக்கம் நெருக்க ஆரம்பித்துவிட்டார்கள். நாங்கள் நாலு பேரும் பைகளைத் தூக்கிக்கொண்டு மண்டபத்தில் இறங்கினோம். அங்கிருந்து பஸ்ஸில் வந்த வழியே கொஞ்சம் திரும்பிப் போனால் மண்டபம் கேம்ப்.

எங்களில் யாரும் முழுநேரச் சமூக சேவகர் இல்லை. ஒருத்தி வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள். ஒருவன் சட்டக் கல்லூரி இறுதியாண்டு. இன்னொருவன் ஐ.டி.யில் இருக்கிறான், லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறான். நான் தனியார் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். காலாண்டு விடுமுறையில் இங்குள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தர வேண்டும், யாருக்காவது படிவம் நிரப்ப வேண்டியிருந்தால் உட்கார்ந்து நிரப்பித் தர வேண்டும். வேலை அவ்வளவுதான்.

நினைத்ததும் உள்ளே போய்விட முடியாது. முன்கூட்டியே கடிதம் எழுதி, அடையாள அட்டை நகல் வைத்து, அனுமதி வரும்வரை காத்திருக்க வேண்டும். முகாமுக்குள் படம் எடுப்பதில்லை என்று எங்களுக்குள்ளும் பேசி வைத்திருக்கிறோம். அதனால் இந்தக் குறிப்புகளில் படம் வராது, ஆட்களின் பெயரும் வராது.

கொண்டு வந்த மூட்டையில் பாதி பழைய வினாத்தாள், மீதி பேனாவும் லாங் சைஸ் நோட்டும். கிளம்புவதற்கு முன்பே முகாமில் பொறுப்பாக இருக்கும் அண்ணன் ஒருவர் போனில் சொல்லிவிட்டார்: "பழைய உடுப்பு மட்டும் கொண்டுவர வேண்டாம் பிள்ளை. எங்கட பிள்ளையளுக்கு உடுக்க இருக்கு. கொஸ்டின் பேப்பர் கிடைச்சால் கொண்டு வாங்கோ."

அறையில் மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் வரவில்லை. தென்கடல் பக்கம் அலைச் சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது. வடகடல் பக்கம் போனால் குளம் போலக் கிடக்கிறது. நடுவில் இருக்கும் நிலம் அவ்வளவு ஒடுக்கம்.

ஞாயிறு, முகாம்

மாலை வகுப்பை நாங்கள் ஆரம்பித்து வைக்கப்போவதாக ஒரு நினைப்பு இருந்தது. போய்ப் பார்த்தால் வகுப்பு ஏற்கெனவே பல வருஷமாக நடக்கிறது. நடத்துகிறவர் முகாமிலேயே பிறந்த ஒரு அக்கா. எம்.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்தவர். பெற்றோர் 1990-இல் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். அக்கா படித்ததெல்லாம் ராமநாதபுரம் மாவட்டத்தில்தான். ஆனால் அரசு ஆசிரியர் தேர்வுக்கு விண்ணப்பிக்க முடியாது, அதற்குக் குடியுரிமை வேண்டும். பகலில் ஒரு தனியார் பள்ளி, சாயங்காலம் இந்தத் தகரக் கூரைக்குக் கீழே போர்டு.

உதவிக்கு முகாம் இளைஞர்கள் இரண்டு பேர். இருவரும் பட்டதாரிகள், இருவருக்கும் பிழைப்பு பெயிண்டிங். இங்கே படித்த பையன்களில் பெரும்பாலோர் கடைசியில் வந்து நிற்கிற இடம் அதுதான். அன்றைக்கும் ஒருவர் கையில் டிஸ்டெம்பர் காயாமலேயே வந்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் எடுத்தார்.

அக்கா எங்களை ஒரு பார்வை பார்த்தார். "நீங்கள் என்ன எடுப்பீங்கள்?" சொன்னோம். "கணக்கு நான் பாக்கிறன். தங்கச்சி, நீங்கள் இங்கிலீஷ். லா படிக்கிற தம்பி பிள்ளையளுக்கு வேண்டாம், பெரிய ஆக்களோட இருந்து பேப்பர் பாக்கட்டும்." ஐந்து நிமிடத்தில் பிரித்துக் கொடுத்துவிட்டார். எங்கள் பள்ளியில் கால அட்டவணை போட ஒரு வாரம் ஆகும்.

பிறகு தேத்தண்ணி குடிக்கும்போது சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார். முன்பு ஒரு கூட்டம் வந்ததாம். பலூன் ஊதிக் கொடுத்து, தன்னம்பிக்கை பற்றிப் பேசி, பிள்ளைகளைக் கண் மூடச் சொல்லி எதிர்காலத்தை நினைக்க வைத்தார்களாம். "எங்கட பிள்ளையளுக்குத் தன்னம்பிக்கை கூடித்தான் இருக்கு. ஆங்கிலத்தில லெட்டர் எழுதத்தான் வருகுதில்லை."

லெட்டர் எழுத வைத்தேன். வங்கி மேலாளருக்குக் கல்விக் கடன் கேட்டுக் கடிதம். முகாம் பிள்ளைகளுக்கு வங்கியில் கல்விக் கடன் வாங்குவது எவ்வளவு பாடு என்று அவர்கள்தான் எனக்குச் சொன்னார்கள். தலைப்பை மாற்றினேன்.

திங்கள், முகாம்

இன்றைக்குப் பள்ளிப் பாடத்தைவிடப் பேப்பர் மேசையில்தான் கூட்டம். காலையிலேயே பிளாஸ்டிக் உறைகளோடு வந்துவிட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு உறை இருக்கிறது. அதற்குள் குடும்ப அட்டை, முகாம் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மஞ்சளித்துப்போன இலங்கை அடையாள அட்டை, எதற்கும் இருக்கட்டும் என்று பாட்டியின் தேயிலைத் தோட்டச் சம்பளச் சீட்டு வரைக்கும்.

நம் ஊரில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். அகதிகளுக்கான 1951-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் நம்மிடம் இல்லை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இன்று வரை மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட ஈழத் தமிழர்கள் கடல் தாண்டி வந்திருக்கிறார்கள், தமிழ்நாட்டில் இப்போதும் நூற்றுக்கு மேல் முகாம்கள் இருக்கின்றன. அரிசி, மாதப் பணக்கொடை, பள்ளி, மருத்துவம் என்று மாநில அரசு நிறையச் செய்கிறது. 2021-இல் முதல்வர் மு.க. ஸ்டாலின் 317 கோடி ரூபாய்க்குத் திட்டங்கள் அறிவித்தபோது பணக்கொடையும் கூடியது. குடும்பத் தலைவருக்கு 1,000 ரூபாயாக இருந்தது 1,500 ஆனது. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதும் அந்த அறிவிப்பில்தான் வந்தது. ஆனால் குடியுரிமை தருவது டெல்லியின் கையில் இருக்கிறது. 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களைச் சேர்த்துக்கொண்டது. அதில் இலங்கை இல்லை.

மேசைக்கு முதலில் வந்தது ஒரு அம்மாவும் பதினேழு வயது மகனும். அப்பா உச்சிப்புளிக்காரர், இந்தியர். அம்மா முகாம். பையன் பிறந்தது ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில். "அப்பா இந்தியன்தானே, அப்போ நானும் இந்தியன்தானே அண்ணா?" என்று நேராகக் கேட்டான். சட்டத் தம்பி பதில் சொல்லத் தடுமாறினான். ஏனென்றால் சட்டம் பிறந்த தேதியைப் பார்க்கிறது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்திருந்தால், பெற்றோர் யாராக இருந்தாலும் பிறப்பால் குடிமகன். அதற்குப் பிறகு என்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு என்றால் அதுவும் போதாது, மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது. பாஸ்போர்ட் இல்லாமல் படகில் வந்த தாயைச் சட்டம் அந்தப் பட்டியலில்தான் வைக்கிறது. குண்டு விழும்போது யார் பாஸ்போர்ட் ஆபீசில் வரிசையில் நின்றிருப்பார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. கேட்டு யாருக்கு என்ன பயன்.

இதே மண்டபம் முகாமில் 1986 ஏப்ரலில் பிறந்த ஒரு பெண், இந்தத் தேதிக் கணக்கை வைத்தே உயர் நீதிமன்றம் போய், 2022-இல் சாதகமான உத்தரவு வாங்கினார். 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் ஓட்டும் போட்டார். முகாமில் இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். 1988-இல், 1990-இல் பிறந்தவர்கள் அதைச் சொல்லும்போது லேசாகப் பொறாமை தெரிகிறது. அக்கா அந்த வகை.

மதியத்துக்கு மேல் மலையகப் பெரியவர் ஒருவர் வந்தார். அவருடைய தாத்தா புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். 1964-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இரண்டு நாடும் மலையகத் தமிழர்களைத் தலைக்கணக்குப் போட்டுப் பிரித்துக்கொண்டன. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. இவர் குடும்பம் இந்தியாவுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தபோதே கலவரம் வந்துவிட்டது, அகதியாக வந்து சேர்ந்தார்கள். இவரைப் போல இந்திய வம்சாவளியைச் சேர்ந்த 65 பேர், திருச்சி கொட்டப்பட்டு முகாமிலும் மண்டபம் முகாமிலும் இருந்தவர்கள், குடியுரிமை கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் போட்ட வழக்கில் 2019 ஜூனில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்புச் சொன்னார். அவர்கள் விண்ணப்பிக்கட்டும், மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்றார். பெரியவர் அந்தத் தீர்ப்பின் நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். ஆங்கிலத்தில் இருக்கிறது, அவருக்கு வாசிக்க வராது. சட்டத் தம்பி இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பத்தி பத்தியாகத் தமிழில் சொன்னான். நாங்கள் வந்ததிலேயே உருப்படியான வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

2025 செப்டம்பரில் வந்த மத்திய அரசு ஆணையைப் பற்றியும் நிறையப் பேர் கேட்டார்கள். 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்திருக்கும் இலங்கைத் தமிழர்கள்மேல், பாஸ்போர்ட்டோ விசாவோ இல்லை என்பதற்காகத் தண்டனை நடவடிக்கை வராது என்கிறது அது. வாட்ஸ்அப்பில் இது 'எல்லோருக்கும் குடியுரிமை' என்று மாறிப் போயிருக்கிறது. இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. ஒருவரின் முகம் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டே அடுத்தவருக்கும் அதையே சொல்ல வேண்டும்.

செவ்வாய், ராமநாதபுரம்

நாளையும் மறுநாளும் அரசு விடுமுறை. அதனால் இன்றைக்கே ஓடினோம். ஏழெட்டுக் குடும்பங்களின் உறைகளையும் கையெழுத்திட்ட மனுக்களையும் எடுத்துக்கொண்டு நானும் ஐ.டி. நண்பனும் ராமநாதபுரம் பஸ் ஏறினோம்.

அலுவலகத்தைப் பற்றிச் சொல்ல பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மேசையில் 'அந்தப் பக்கம்' என்றார்கள், அந்தப் பக்கத்தில் 'சாப்பாட்டுக்குப் பிறகு' என்றார்கள், சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நகல் குறைந்தது. ஜெராக்ஸ் கடைக்காரர் எங்கள் கையிலிருந்த கட்டைப் பார்த்ததுமே "கேம்ப்பா?" என்று கேட்டு, எதை எத்தனை நகல் எடுக்க வேண்டும் என்று அவரே சொன்னார். எந்த அதிகாரியையும்விட அவருக்கு நடைமுறை தெரிந்திருக்கிறது. ஐந்து மனுக்களுக்கு ரசீது வாங்கினோம். மற்றவை அடுத்த வாரம்.

திரும்பும் வழியில் நண்பன் சொன்னான், ஒரு நாள் முழுக்க லீவு போட்டு இதைத்தானா செய்தோம் என்று. எனக்கு வேறு மாதிரி தோன்றியது. முகாம்காரர் ஒருவர் இதே வேலைக்கு வந்தால் பெயிண்டிங் கூலி ஒரு நாள் போகும். 'சாப்பாட்டுக்குப் பிறகு' என்றால் அடுத்த நாளும் போகும். அது செக்கிங் நாளாக இருந்துவிட்டால் வரவே முடியாது. அன்றைக்கு எல்லோரும் முகாமில் ஆஜராக இருக்க வேண்டும், ஆள் இல்லையென்றால் பணக்கொடைக்குச் சிக்கல். வெளியூரில் தங்கி வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் அதற்காகவே அரக்கப்பரக்க ஓடி வருகிறார்கள். எங்களுக்கு அப்படி யாரும் பெயர் கூப்பிடுவதில்லை. எந்த வரிசையிலும் சாயங்காலம் வரை நிற்கலாம். வெளியிலிருந்து போகிற ஆட்களிடம் முகாம் இளைஞர்களிடம் இல்லாதது என்ன இருக்கிறது என்று பார்த்தால், அறிவும் இல்லை, அன்பும் இல்லை, இந்த நேரம் ஒன்றுதான்.

புதன், தனுஷ்கோடி

சரஸ்வதி பூசை. புத்தகங்களை எல்லாம் படத்துக்கு முன்னால் அடுக்கிவிட்டதால் இன்று யாரும் படிக்கக் கூடாதாம். பிள்ளைகள் இந்தச் சட்டத்தை மட்டும் மிகச் சரியாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகளும் கொண்டுவந்து நோட்டை வைத்துவிட்டார்கள். சுண்டல் சாப்பிட்டுவிட்டு, முகாம் இளைஞர்கள் இருவரோடு தனுஷ்கோடிக்குக் கிளம்பினோம்.

அரிச்சல்முனை வரை 2017-இல் ரோடு போட்டுவிட்டார்கள். இரண்டு பக்கமும் கடல். சுற்றுலாக்காரர்கள் 1964 புயலில் இடிந்த சர்ச்சுக்கு முன் நின்று படம் எடுக்கிறார்கள். முனையில் நின்றால் தலைமன்னார் முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது என்கிறார்கள். நடுவில் மணல் திட்டுகள். ஒன்றாம் திட்டு, இரண்டாம் திட்டு என்று மீனவர்கள் எண்ணுகிறார்கள். சிலது இந்தியக் கடலுக்குள், சிலது அந்தப் பக்கம்.

இலங்கையில் பொருளாதாரம் விழுந்த 2022-இல், மார்ச் 22 அன்று இந்தப் பக்கம் 16 பேர் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒரு குடும்பத்தைக் கைக்குழந்தையோடு திட்டில் இறக்கிவிட்டுப் படகுக்காரர்கள் போய்விட்டார்கள். கடலோரக் காவல்படைதான் மீட்டது. அந்த ஆண்டு முழுக்க அப்படி வந்தவர்கள் இருநூறுக்கு மேல். ஜூன் மாதம் கோதண்டராமர் கோயில் பக்கம் ஒரு வயதான தம்பதி மணலில் மயங்கிக் கிடந்தார்கள். அந்த அம்மா மதுரை அரசு மருத்துவமனையில் சில நாளில் இறந்துபோனார்.

எங்களோடு வந்தவர்களில் ஒருவர் அந்த 2022 கூட்டத்தில் வந்தவர். வவுனியாவில் ஆட்டோ ஓட்டியவர். பெட்ரோலுக்கு இரண்டு நாள் வரிசை, பால்மா இல்லை, அரிசி விலை ஏறிக்கொண்டே போனது. இருந்த நகையை விற்றுப் படகுக்குக் கொடுத்தார். "இதுதான் இந்தியா எண்டு சொல்லி ராத்திரி இறக்கிவிட்டாங்கள். விடிஞ்சு பாத்தால் நாலு பக்கமும் தண்ணி." முதலில் அவர்களைப் பார்த்தது நாட்டுப்படகில் வந்த ஒரு மீனவர். படகிலிருந்த குடிதண்ணீர்க் கேனை அப்படியே கொடுத்துவிட்டு, மரைன் போலீசுக்குப் போன் போட்டிருக்கிறார். விசாரணை முடிந்து, பிறகு மண்டபம்.

இந்தக் கரையில் உதவி என்பது எப்போதுமே அந்தப் படகுக்காரர்களிடமிருந்துதான் தொடங்கியிருக்கிறது. 83-லும் அப்படித்தான் என்று பாம்பனில் வயதானவர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்கும் அந்தக் கடலில் பிரச்சினை இல்லாமல் இல்லை. எல்லை தாண்டினார்கள் என்று இலங்கைக் கடற்படை பிடித்துப்போய்ப் படகையே வைத்துக்கொள்கிற குடும்பங்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு.

2015 கணக்கு இந்த ஆட்டோக்காரருக்குப் பொருந்தாது என்பதை அவரே சொன்னார். நாங்கள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருட்டுவதற்குள் முகாமுக்குத் திரும்பியாக வேண்டும் என்று அவர்தான் எங்களை அவசரப்படுத்தினார்.

வியாழன், முகாம்

விஜயதசமி என்பதால் காலையிலேயே அக்கா ஒரு கணக்காவது போட வைத்துவிட்டார். எனக்கு இன்று நல்ல வகுப்பு. பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி என் கடிதத்தைத் திருத்தினாள், அதுவும் சரியாக.

மதியம் ஒரு ஆச்சி வீட்டில் இடியப்பம், சொதி, சம்பல். மாசி போட்ட சம்பல். அதைப் பற்றி நான் தனியாக ஒரு பக்கம் எழுதலாம், விடுகிறேன்.

ஆச்சியின் தகப்பனார் இதே மண்டபத்தில் தங்கித்தான் இலங்கைக்குப் போனாராம். வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துக்குப் போகிற தொழிலாளர்களைக் கப்பல் ஏற்றுவதற்கு முன், காலராவும் அம்மையும் இருக்கிறதா என்று பார்க்க இங்கேதான் அடைத்து வைத்தார்கள். பிறகு ஒப்பந்தத்தில் திரும்பி வந்தவர்களும் இந்த வழியாகத்தான் வந்து இறங்கினார்கள். ஆச்சி 1985-இல் வந்தபோது தகப்பனார் சொன்ன அடையாளங்களை வைத்து இடத்தைத் தேடிப் பார்த்தாராம்.

திரும்பிப் போக விருப்பமா என்று கேட்கக் கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தோம். ஆச்சி அவராகவே ஆரம்பித்தார். போக ஆசைதான். ஆனால் 2025 மே மாதம், பல வருஷம் தமிழ்நாட்டு முகாமில் இருந்துவிட்டு ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு யாழ்ப்பாணம் திரும்பிய ஒரு முதியவரைப் பலாலி விமான நிலையத்திலேயே கைது செய்தார்கள். அந்தக் காலத்தில் பாஸ்போர்ட் இல்லாமல் நாட்டை விட்டுப் போனது குற்றமாம். "போகேக்கையும் குற்றம், வரேக்கையும் குற்றம்" என்றார். மருமகள் "சும்மா இருங்கோ மாமி, பிள்ளையள் சாப்பிடட்டும்" என்று பேச்சை மாற்றினார்.

பேரன் பேத்திகளுக்குப் போக விருப்பமே இல்லை. அவர்களுக்கு அது ஆச்சி சொல்கிற ஊர். இவர்களுடைய சண்டை, பள்ளிக்கூடம், கபடி டீம் எல்லாம் இங்கே. பெரியவர்களும் சிறியவர்களும் ஒரே வீட்டுக்குள் வேறு வேறு திசை பார்க்கிறார்கள். யாருக்கு உதவப் போகிறோம் என்பதை வெளியிலிருந்து வருகிற நம் ஆட்கள் ஒரே கோரிக்கையாக எழுதிவிடுவது பெரிய பிசகு. ஒரு வீட்டுக்கு இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிள்ளையின் பிறப்பைப் பதிய வேண்டும், அடுத்த வீட்டுக்கு இந்தியக் குடியுரிமை மனு வேண்டும். சில வீட்டுக்கு இரண்டும்.

வெள்ளி, ரயிலில்

கிளம்புகிற நேரம் அக்கா ஒரு நோட்டுத் தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தார். சுருக்கமாகப் போட்டிருக்கிறார், நான் விரித்துச் சொல்கிறேன். மாதத்துக்கு ஒரு ஆளாவது அலுவலக நாளில் வந்து ராமநாதபுரம் போய்வர வேண்டும், விடுமுறை நாளில் வந்து பிரயோசனமில்லை. சென்னையில் துணைத் தூதரகத்துக்குப் போய்வர அங்கேயே இருக்கும் ஒருவர் வேண்டும். கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகளுக்குக் கணினியில் உட்கார்ந்து பதிவேற்ற ஆள் வேண்டும். கலை அறிவியல் படிப்புக்கு ஆண்டுக்கு 3,000 ரூபாயாக இருந்தது 2021-இல் 12,000 ஆகியிருக்கிறது, ஆனால் ஒரு சான்றிதழ் தப்பினால் வராது.

சட்டத் தம்பி நவம்பரில் வருவதாகச் சொல்லியிருக்கிறான். பெரியவரின் மனுவுக்கு மதுரையில் ஒரு வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும். ஐ.டி. நண்பன் ஞாயிறு மாலைகளில் வீடியோ வழியாகக் கணினி வகுப்பு எடுக்கிறேன் என்றான். அக்கா உடனே சிக்னல் எங்கே கிடைக்கும், எந்த வீட்டு போன் பெரியது என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். என்னைப் பொறுத்தவரை, சனிக்கிழமை ஆங்கிலம். பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு வர வேண்டும்.

வண்டி பரமக்குடியில் நிற்கும்போது அக்காவிடமிருந்து குரல் செய்தி: "தங்கச்சி, பேப்பர் கட்டில பன்னிரண்டாம் வகுப்பு காமர்ஸ் இல்லை. அக்கவுண்டன்சியும் இல்லை. அடுத்த முறை வரேக்க மறக்காமல் எடுத்துக்கொண்டு வாங்கோ. பலூன் வேண்டாம்."